காறிய எண்ணெய், சுட்ட எண்ணெய்: ஆக்சிஜனேற்றமடைந்த கொழுப்பு அமிலங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக்கு எண்ணெயா ரீஃபைண்டா, தேங்காய் எண்ணெயா சூரியகாந்தியா என்று நம் ஊரில் ஓயாமல் வாதம் நடக்கிறது. வாங்கிவந்த எண்ணெயைக் காற்றும் சூடும் வெளிச்சமும் என்ன செய்கின்றன என்பதைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சு எழுவதில்லை. எண்ணெயின் பெயரைவிட அதற்கு நேர்ந்ததுதான் உடலுக்கு முக்கியம் என்பது என் கருத்து. அதையொட்டி வரும் கேள்விகளுக்கு, ஆய்வுகள் எதுவரை உறுதியாகச் சொல்கின்றனவோ அதுவரை, இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஆக்சிஜனேற்றமடைந்த கொழுப்பு அமிலம் என்றால் என்ன?

கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு நீண்ட சங்கிலி. சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே இல்லாவிட்டால் அது நிறைவுற்றது. ஒன்று இருந்தால் ஒற்றை நிறைவுறாதது. இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் பன்மை நிறைவுறாதது. தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் முதல் வகை, கடலை எண்ணெயில் நிறைய உள்ள ஒலியிக் அமிலம் இரண்டாம் வகை. சூரியகாந்தி எண்ணெயின் லினோலியிக் அமிலமும் மத்தி மீனின் ஒமேகா-3 அமிலங்களும் மூன்றாம் வகை.

இந்தச் சங்கிலியில் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொண்டால் அதுதான் ஆக்சிஜனேற்றமடைந்த கொழுப்பு அமிலம். ஆக்சிஜன் ஒட்டிய பிறகு சங்கிலி முழுசாகவே இருக்கலாம். உடைந்து சின்னச் சின்ன ஆல்டிஹைடுகளாகச் சிதறலாம். பல சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து பிசினாகவும் மாறலாம். வாணலியின் விளிம்பில் மஞ்சளாக, தேய்த்தாலும் போகாமல் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கிறதே, அது இந்தப் பிசின்தான். ஆளிவிதை எண்ணெய் கலந்த பெயின்ட் சுவரில் காய்ந்து இறுகுவதும் இதே வினையால்தான்.

எண்ணெய்க்குள் என்னதான் நடக்கிறது?

பன்மை நிறைவுறாத அமிலத்தில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே ஒரு கார்பன் மாட்டிக்கொண்டிருக்கும். அதில் உள்ள ஹைட்ரஜன் அணு மிகத் தளர்வாகப் பிடித்திருக்கும். சூடோ, வெளிச்சமோ, ஒரு துளி இரும்போ செம்போ கிடைத்தால் போதும், அந்த ஹைட்ரஜன் கழன்றுவிடும். கழன்ற இடத்தில் ஒற்றை எலக்ட்ரானோடு ஒரு தனி உறுப்பு உருவாகும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதோடு உடனே சேர்ந்து பெராக்சில் உறுப்பாகும். இந்தப் பெராக்சில், பக்கத்துச் சங்கிலியின் ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு தான் ஹைட்ரோபெராக்சைடாக அமைதியாகிவிடும். ஹைட்ரஜனை இழந்த பக்கத்துச் சங்கிலி இப்போது அதே வேலையைத் தொடங்கும். சரவெடியில் ஒரு வெடி அடுத்ததைப் பற்றவைப்பதைப் போல இது ஓடிக்கொண்டே இருக்கும். வைட்டமின் ஈ போன்ற ஒன்று குறுக்கே வந்து தன் ஹைட்ரஜனைக் கொடுத்தால், அல்லது இரண்டு தனி உறுப்புகள் மோதி ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டால் ஓட்டம் நிற்கும்.

இரட்டைப் பிணைப்புகள் கூடக் கூட வேகமும் ஏறும். ஒலியிக் அமிலத்தைவிட லினோலியிக் சுமார் 10 மடங்கு வேகத்தில் ஆக்சிஜனேற்றமடையும். மூன்று இரட்டைப் பிணைப்புள்ள லினோலெனிக்கின் வேகம் 20 மடங்குக்கும் மேல். மீன் எண்ணெயில் ஐந்தும் ஆறும் இருப்பதால் அது இன்னும் விரைவாகக் கெடும்.

காறல் வாடை வந்தால்தான் எண்ணெய் கெட்டது என்று அர்த்தமா?

இல்லை. பலரும் ஏமாறும் இடம் இது. முதலில் உருவாகும் ஹைட்ரோபெராக்சைடுகளுக்கு வாடையும் கிடையாது, ருசியும் கிடையாது. அவை உடைந்த பிறகு வரும் சிறிய மூலக்கூறுகள்தான் மூக்கில் ஏறுகின்றன. லினோலியிக் அமிலம் உடைவதால் வரும் ஹெக்சனால் பச்சைப் புல் போல மணக்கும். அதே அமிலத்திலிருந்து வரும் 2,4-டெக்காடையீனால்தான் பஜ்ஜிக் கடை வாசலில் நம்மை நிறுத்தும் அந்தப் பொரித்த மணத்துக்கு முக்கியக் காரணம். ஆக, நாம் விரும்பும் மணத்திலும் ஆக்சிஜனேற்றத்துக்குப் பங்கு உண்டு. கொஞ்சமாக இருக்கும்போது மணம், கூடிப்போனால் காறல்.

ஆய்வகத்தில் அளப்பதிலும் இதே சிக்கல் இருக்கிறது. ஹைட்ரோபெராக்சைடை அளக்கும் பெராக்சைடு எண் முதலில் ஏறும். அவை உடையத் தொடங்கியதும் இறங்கிவிடும். நன்றாகக் கெட்டுப்போன எண்ணெயில்கூட அந்த எண் குறைவாக வரலாம். அதனால்தான் ஆல்டிஹைடுகளை அளக்கும் அனிசிடின் எண்ணையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். உலக உணவுத் தர நெறியான கோடெக்ஸ், ரீஃபைண்ட் எண்ணெய்க்குப் பெராக்சைடு எண் 10 வரையும், செக்கில் ஆட்டியது போன்ற சுத்திகரிக்காத எண்ணெய்க்கு 15 வரையும் அனுமதிக்கிறது.

எந்த எண்ணெய் சீக்கிரம் கெடும்?

லினோலியிக் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயில் அது 60 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். சோயா எண்ணெயில் 50ஐத் தாண்டும், கூடவே லினோலெனிக் கொஞ்சம். கடலை எண்ணெயில் சுமார் 30, பாமாயிலில் சுமார் 10, தேங்காய் எண்ணெயில் 2 அளவுதான்.

நல்லெண்ணெய் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அதில் லினோலியிக் 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. கணக்குப்படி பார்த்தால் அது சீக்கிரம் காறிப்போக வேண்டும். ஆனால் நல்லெண்ணெய் நாள்பட நிற்கும் என்பது ஊறுகாய் போடும் எல்லோருக்கும் தெரியும். எள்ளில் செசமின், செசமோலின் என்று இரண்டு பொருட்கள் இருக்கின்றன. எண்ணெய் சூடாகும்போது செசமோலின் உடைந்து செசமால் ஆகிறது. இந்த செசமால் மேலே சொன்ன தொடர் வினையின் குறுக்கே நின்று அதை அறுத்துவிடும் வலிமையான தடுப்பான். ஒரு விதை தன் கொழுப்பைக் காக்க வைத்திருக்கும் காவல் நம் ஊறுகாய் ஜாடிக்குள்ளும் வேலை செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

அப்படியானால் எல்லாச் சமையலுக்கும் தேங்காய் எண்ணெய், பாமாயில் போதுமே?

ஆக்சிஜனேற்றத்தை மட்டும் பார்த்தால் பொரிப்பதற்கு அவை தாங்கும். ஆனால் நிறைவுற்ற கொழுப்பு கூடினால் ரத்தத்தில் எல்டிஎல் கொலஸ்டிரால் ஏறும். அது இதய நோய்க்கு வழி என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. லினோலியிக் அமிலமோ உடலுக்குக் கட்டாயம் தேவை, நாம் அதைத் தயாரிக்கவும் முடியாது. ஆகவே சூரியகாந்தி எண்ணெயைத் தாளிக்கவும் குழம்புக்கும் வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் காயும் பலகாரச் சட்டிக்குக் கடலை எண்ணெய் போன்ற ஒலியிக் மிகுந்ததைப் பயன்படுத்துவது நியாயமான வழி. ஒலியிக் அமிலம் மிகும்படி வளர்த்தெடுத்த சூரியகாந்தி ரகங்களின் எண்ணெயும் சந்தையில் இருக்கிறது.

4-ஹைட்ராக்சிநொனினால் என்று ஒன்றைப் பயமுறுத்திச் சொல்கிறார்களே, அது என்ன?

லினோலியிக், அராக்கிடோனிக் போன்ற ஒமேகா-6 அமிலங்கள் உடையும்போது உருவாகும் ஒன்பது கார்பன் ஆல்டிஹைடு அது. எச்.என்.இ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1980இல் இத்தாலியின் பெனடெட்டி, கொம்போர்ட்டி ஆகியோரும் ஆஸ்திரியாவின் ஹெர்மன் எஸ்டர்பவரும், ஈரல் செல்களின் கொழுப்பு ஆக்சிஜனேற்றமடையும்போது வெளிப்படும் நச்சுப் பொருள் இதுதான் என்று கண்டறிந்தார்கள். எஸ்டர்பவர் அதற்குப் பிறகும் நீண்டகாலம் இந்தச் சேர்மத்தின் பின்னாலேயே போனார்.

தனி உறுப்புகள் பிறந்த இடத்திலேயே கண நேரத்தில் தீர்ந்துவிடும். எச்.என்.இ. அப்படியில்லை. உருவான இடத்திலிருந்து நகர்ந்து போய் வேறிடத்தில் வேலையைக் காட்டும் அளவுக்கு அதற்கு ஆயுள் உண்டு. புரதங்களில் உள்ள சிஸ்டீன், ஹிஸ்டிடின், லைசின் ஆகிய அமினோ அமிலங்களோடு நிரந்தரமாகப் பிணைந்துகொள்ளும். நொதியின் முக்கியமான இடத்தில் போய் ஒட்டினால் அந்த நொதி வேலை செய்யாது. டிஎன்ஏவிலும் ஒட்டும். ரத்தக்குழாய்ப் படிவுகளிலும், அல்சைமர் நோயாளிகளின் மூளைத் திசுவிலும் இந்த ஒட்டுகளைக் கண்டிருக்கிறார்கள். நோய்க்கு அவை காரணமா, நோயின் அடையாளமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

இதிலேயே இன்னொரு பக்கமும் உண்டு. மிகச் சிறிய அளவில் எச்.என்.இ. செல்லுக்கு ஓர் எச்சரிக்கை மணியாகிறது. அது கீப்-1 என்ற புரதத்தைத் தொட்டதும், என்ஆர்எஃப்-2 என்ற புரதம் விடுபட்டு, தற்காப்பு நொதிகளின் மரபணுக்களை இயக்கிவிடுகிறது. எச்.என்.இ.யை அகற்றும் நொதிகளும் அவற்றில் அடக்கம்.

சமையலுக்கு வருவோம். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சாரி சலானியின் குழு, சோயா எண்ணெயை 185 பாகை செல்சியஸில் மணிக்கணக்கில் காய்ச்சி, அதில் எச்.என்.இ. சேர்வதை 2002இல் வெளியிட்டது. பொரித்த பண்டத்துக்குள்ளும் அது போய்ச் சேர்வதைப் பின்னர் காட்டினார்கள். 185 பாகை ஒன்றும் அதிகம் கிடையாது, பூரி பொரிக்கும் சூடுதான்.

அதைச் சாப்பிட்டால் அப்படியே ரத்தத்தில் கலந்துவிடுமா?

எல்லாம் கலக்காது. ஹைட்ரோபெராக்சைடுகளில் பெரும்பகுதி இரைப்பையிலும் குடலிலும் உடைந்துவிடும். குடல் சுவர்ச் செல்களில் குளுட்டாதியோன் பெராக்சிடேஸ் என்ற நொதி, அவற்றை ஓரளவு தீங்கற்ற ஹைட்ராக்சி அமிலங்களாக மாற்றும். ஈரலில் குளுட்டாதியோன் என்ற தற்காப்பு மூலக்கூறு எச்.என்.இ.யைப் பிணைத்து, சிறுநீர் வழியாக வெளியேற்ற உதவும். தப்பிப்போகிற பங்கும் இருக்கிறது. உணவில் உள்ள ஆக்சிஜனேற்றமடைந்த கொழுப்பு, சாப்பாட்டுக்குப் பிறகு குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்துவரும் கைலோமைக்ரான் துகள்களில் ஏறிவருவதை அமெரிக்காவில் இலோனா ஸ்டாப்ரான்ஸ் குழு மனிதர்களிடம் 1994இல் காட்டியது. கொலஸ்டிரால் சேர்த்த தீவனத்தோடு இத்தகைய கொழுப்பையும் கொடுத்தபோது முயல்களின் தமனிகளில் கொழுப்புக் கோடுகள் வேகமாகப் பெருகியதை 1996இல் வெளியிட்டது.

இரைப்பையிலேயே புதிதாக ஆக்சிஜனேற்றம் நடக்கவும் செய்யும். ஆட்டுக்கறி, மாட்டுக்கறியிலுள்ள இரும்பும், கொழுப்பும், விழுங்கிய காற்றும், அமிலமும் ஒரே இடத்தில் கலக்கின்றன அல்லவா? கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 2010இல் ஒரு சோதனை செய்தார்கள். மிளகு, பூண்டு, இஞ்சி, கிராம்பு, பட்டை முதலியவை கலந்த மசாலாவைக் கறியில் பிசைந்து சமைத்துக் கொடுத்தபோது, கறியிலும், சாப்பிட்டவர்களின் ரத்தத்திலும் சிறுநீரிலும், கொழுப்பு ஆக்சிஜனேற்றமடைந்ததன் அடையாளமான மாலோன்டை ஆல்டிஹைடு கணிசமாகக் குறைந்தது. மசாலா தடவி ஊறவைக்கும் நம் வழக்கத்துக்கு இது சாதகமான செய்தி.

மாரடைப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இந்தத் துறையிலேயே ஆழமாகத் தோண்டப்பட்ட கேள்வி இது. ரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்துசெல்லும் எல்டிஎல் துகளை செல்கள் எப்படி உள்ளே எடுத்துக்கொள்கின்றன என்பதைக் கண்டறிந்ததற்காக பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்களுக்கே ஒரு புதிர் இருந்தது. தமனிச் சுவரில் கொழுப்பை விழுங்கி நுரைபோல உப்பியிருக்கும் செல்கள் பெரும்பாலும் மேக்ரோஃபேஜ்கள், அதாவது கிருமிகளையும் கழிவையும் விழுங்கும் தற்காப்புச் செல்கள். ஆனால் ஆய்வகத்தில் இயல்பான எல்டிஎல்லைக் கொடுத்தால் மேக்ரோஃபேஜ் அப்படி உப்புவதில்லை. எல்டிஎல்லை வேதியியல் முறையில் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால்தான் வாரி விழுங்குகிறது. உடலுக்குள் அந்த மாற்றத்தைச் செய்வது எது?

சான் டியாகோவில் டேனியல் ஸ்டைன்பர்க் குழு விடையை நோக்கி நகர்ந்தது. ரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்களோடு எல்டிஎல்லை ஊறவைத்தால் அது மாறிவிடுகிறது, பிறகு மேக்ரோஃபேஜ் அதை விழுங்குகிறது என்று 1981இல் கண்டார்கள். அந்த மாற்றம் ஆக்சிஜனேற்றம்தான் என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவானது. எல்டிஎல்லில் உள்ள லினோலியிக் அமிலம் ஆக்சிஜனேற்றமடைந்து, உடைந்த துண்டுகள் அதன் புரதத்தில் ஒட்டி, துகளின் முகமே மாறிவிடுகிறது. மேக்ரோஃபேஜ் அதைக் குப்பை என்று எடுத்துக்கொண்டு அளவில்லாமல் விழுங்குகிறது. 1989இல் இதையெல்லாம் திரட்டி நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை துறையையே திருப்பிப்போட்டது. அதை எழுதிய ஐவரில் சம்பத் பார்த்தசாரதியும் ஒருவர். ஆக்சிஜனேற்றமடைந்த கொழுப்புகளைப் பற்றிய ஆராய்ச்சியில் அவர் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

அப்படியென்றால் வைட்டமின் ஈ மாத்திரை போட்டால் மாரடைப்பைத் தடுத்துவிடலாமே?

எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ஹோப் என்ற பெரிய சோதனையில் 9,000க்கும் மேற்பட்ட இடர்மிகு நோயாளிகளில் பாதிப் பேருக்குத் தினமும் 400 அலகு வைட்டமின் ஈ நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2000இல் முடிவு வந்தது: மாரடைப்பு, பக்கவாதம் எதிலும் பலன் இல்லை. எல்டிஎல் ஆக்சிஜனேற்றம் என்ற கருத்து இதனால் பொய்யாகிவிடவில்லை. தமனிச் சுவருக்குள் நடப்பதை வெளியிலிருந்து ஒரு மாத்திரை போட்டு நிறுத்த முடியவில்லை என்பது மட்டும் உறுதி. ஆகவே எண்ணெய்ப் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையால் ஈடுகட்டலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். மருத்துவர் வேறு காரணத்துக்காக எழுதிக்கொடுத்திருந்தால் அது தனி விஷயம்.

மனிதர்களிடம் சுட்ட எண்ணெயின் விளைவை நேரடியாகப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். நியூசிலாந்தின் டனீடினில் 1999இல் நடந்த சின்ன ஆய்வு ஒன்று. உடல்நலமுள்ள ஆண்கள் பத்துப் பேர். துரித உணவகத்தின் பொரிப்பான் சட்டியிலிருந்து எடுத்த, பயன்படுத்திய கொழுப்பில் செய்த சாப்பாடு ஒரு நாள். அதே கொழுப்பைப் புதிதாக வைத்துச் செய்த சாப்பாடு இன்னொரு நாள். சில மணி நேரம் கழித்து, கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளந்தார்கள். பழைய கொழுப்பைச் சாப்பிட்ட நாளில் விரியும் திறன் சுமார் 6 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காட்டுக்கும் கீழே போனது. புதிய கொழுப்பில் அப்படி ஒரு சரிவு இல்லை. பத்துப் பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே கொழுப்பு, ஒரே அளவு, வித்தியாசம் பழசு புதுசு மட்டும் என்பதால் இந்த ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஸ்பெயினில் மாலகா மாகாணத்தின் பிசாரா என்ற ஊரில், ஆய்வாளர்கள் வீட்டு அடுக்களைக்கே போய்ச் சமையல் எண்ணெயின் மாதிரி எடுத்தார்கள். கெட்ட எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் கூடுதலாக இருந்த வீடுகளில் உயர் ரத்த அழுத்தமும் கூடுதலாக இருந்தது. 2003இல் வெளியான ஆய்வு அது. மலேசியாவில் எலிகளுக்கு ஐந்து முறை, பத்து முறை காய்ச்சிய எண்ணெயைக் கொடுத்தபோதும் ரத்த அழுத்தம் ஏறியது.

பொரித்தது சாப்பிட்டால் ஆயுள் குறையுமா?

அதே ஸ்பெயினில் சுமார் 40,000 பேரைப் பதினோரு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2012இல் வந்தது. பொரித்த உணவுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. 2019இல் அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட, 50 வயது கடந்த பெண்களைப் பற்றிய ஆய்வு வந்தது. வாரம் ஒரு முறையாவது பொரித்த கோழி சாப்பிட்டவர்களிடம் இறப்பு அபாயம் 13 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

இரண்டும் முரண்படுவது போலத் தெரியும். ஸ்பெயினில் பெரும்பாலும் ஆலிவ் எண்ணெய், அடுத்தபடியாகச் சூரியகாந்தி. வீட்டுச் சமையல் அதிகம், எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது குறைவு. அமெரிக்காவில் பொரித்தது என்றால் பெரும்பாலும் கடைச் சரக்கு. முரணுக்கு இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது, ஏனென்றால் இவை மக்களின் பழக்கத்தைக் கவனித்து மட்டும் பார்த்த கண்காணிப்பு ஆய்வுகள். ஆனாலும் வீட்டில் புது எண்ணெயில் பண்டிகைக்குச் சுட்ட அதிரசத்தையும், நாள் முழுக்கக் காய்ந்த சட்டியில் போட்ட போண்டாவையும் ‘பொரித்தது’ என்ற ஒரே பெயரில் அடக்குவது சரியாகப் படவில்லை.

உடலே கொழுப்பு அமிலத்தை ஆக்சிஜனேற்றம் செய்கிறதாமே?

ஆமாம், அது இல்லாமல் உயிர் வாழ முடியாது. அராக்கிடோனிக் அமிலத்தில் நொதிகள் குறிப்பிட்ட இடத்தில் ஆக்சிஜனைச் சேர்த்துப் புரோஸ்டாகிளாண்டின்களை உருவாக்குகின்றன. காய்ச்சல், வலி, பிரசவ வலி, வயிற்றுச் சுவரின் காப்பு எல்லாவற்றிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஆஸ்பிரின் தடுப்பது இந்த நொதியைத்தான். பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன், வேன் மூவருக்கும் 1982இல் நோபல் கிடைத்தது இந்தத் துறையில்தான். எங்கே, எவ்வளவு, எப்போது என்று உடல் கட்டுப்படுத்திச் செய்கிற வேலை அது. கட்டுப்பாடில்லாமல் நடக்கும்போதுதான் கேடு.

மிளகாய் பிடிப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. மிளகாயின் காரத்தை உணரும் டிஆர்பிவி-1 ஏற்பி, 43 பாகைக்கு மேற்பட்ட சூட்டையும் உணரும். தோல் சூடாகும்போது அங்கேயே லினோலியிக் அமிலம் ஆக்சிஜனேற்றமடைந்து உருவாகும் ஹைட்ராக்சி அமிலங்கள் அந்த ஏற்பியைத் திறந்துவிடுகின்றன என்று டெக்சாஸின் சான் அன்டோனியோவில் பட்வர்தனும் ஹார்கிரீவ்ஸும் 2009, 2010இல் காட்டினார்கள். அழற்சி வலிக்குப் புதிய மருந்து தேடுபவர்கள் இந்த வழியைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

செல்லுக்குள் இந்த ஆக்சிஜனேற்றம் கட்டுமீறினால்?

செல் சாகும். செல் சவ்வின் கொழுப்பு இரும்பின் துணையோடு ஆக்சிஜனேற்றமடைந்து செல் இறப்பதற்கு ‘ஃபெரோப்டோசிஸ்’ என்று 2012இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பெயர் வைத்தார்கள். செலினியம் கொண்ட ஜிபிஎக்ஸ்-4 என்ற நொதி இதைத் தடுத்துக் காக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத சில புற்றுநோய்ச் செல்களை இந்த நொதியை முடக்கிக் கொல்ல முடியுமா என்று ஆய்வுகள் நடக்கின்றன.

எண்ணெயை எத்தனை முறை பயன்படுத்தலாம்?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் அறிவுரை: மறுபடி காய்ச்சுவதைத் தவிருங்கள், முடியாவிட்டால் மூன்று முறைக்கு மேல் வேண்டாம். சட்டப்படியான எல்லை வேறு. மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயில் உணவு தயாரிக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது.

முறைக் கணக்கை மட்டும் நம்புவதும் சரியாகாது. அரை மணி நேரம் முறுக்கு சுட்டதும் ஒரு முறைதான், காலை முதல் இரவு வரை அடுப்பில் கிடந்ததும் ஒரு முறைதான். பண்டமும் கணக்கில் சேரும். மாவும் மசாலாவும் உதிர்ந்து அடியில் மண்டியாகக் கருகும் பஜ்ஜிச் சட்டி, அப்பளம் பொரித்த சட்டியைவிடச் சீக்கிரம் கெடும். வீட்டில் என்றால், ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, மூடி வைத்து, ஓரிரு நாளில் தாளிப்புக்குக் காலி செய்துவிடுவது நல்லது. புது எண்ணெய்ப் பாட்டிலில் மட்டும் அதைத் திரும்ப ஊற்றாதீர்கள். பழசில் இருக்கும் ஹைட்ரோபெராக்சைடுகள் புதுசையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

கெட்டுவிட்டது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். நுரையைப் பாருங்கள். நல்ல எண்ணெயில் வடையைப் போட்டால் பெரிய குமிழிகள் சலசலவென்று எழுந்து, உடனே உடையும். வடை வெந்து ஈரம் குறையக் குறைய குமிழியும் அடங்கும். பழைய எண்ணெயில் பொடி நுரை பொங்கி, சட்டி முழுக்கப் படர்ந்து, வடையை எடுத்த பிறகும் அடங்காமல் நிற்கும். சாரணியைத் தூக்கினால் எண்ணெய் சொட்டாமல் கொழகொழவென்று இழுக்கும். முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும். பண்டமும் கூடுதலாக எண்ணெய் குடிக்கும்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கறி பொரித்தால் எண்ணெய் விரைவாகக் கறுக்கும், அப்பளம் பொரித்தால் வெளிறியே இருக்கும். கடைக்காரர்களுக்கு எண்ணெயில் முக்கியதும் துருவச் சேர்ம அளவைக் காட்டும் கையடக்கக் கருவி கிடைக்கிறது. உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

புகையைச் சுவாசிப்பது ஆபத்தா?

சாப்பிடுகிறவரைப் பற்றியே பேசிவிட்டு, சுடுகிறவரை மறந்துவிடுகிறோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. காய்ந்த எண்ணெயின் புகையில் அக்ரோலீன் இருக்கிறது, கண்ணையும் தொண்டையையும் எரிப்பது அதுதான். உயர் சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ள 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. புகைபிடிக்காத சீனப் பெண்களிடம் கண்ட நுரையீரல் புற்றுநோய் பற்றிய ஆய்வுகள் அதற்கு முக்கிய ஆதாரம். எண்ணெய் புகையும் வரை விடாமல் தீயைக் குறையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், மின்விசிறி வெளியே இழுக்கும்படி இருக்கட்டும். தட்டி போட்டு மறைத்த மூலையில் நாள் முழுக்க நின்று சுடும் பலகார மாஸ்டருக்கு இந்தக் காற்றோட்டத்தைக் கடை முதலாளிதான் செய்து கொடுக்க வேண்டும்.

கருவாடு, மீன் எண்ணெய் மாத்திரை?

நெத்திலிக் கருவாட்டில் கொழுப்பு குறைவு. மத்தி போன்ற கொழுத்த மீனின் கருவாடு மஞ்சளாகி, துருப்பிடித்த நிறத்துக்கு மாறி, தொண்டையில் காறினால் அதன் ஒமேகா-3 ஆக்சிஜனேற்றமடைந்துவிட்டது என்று பொருள். கொஞ்சமாக வாங்குங்கள், குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மீன் எண்ணெய் மாத்திரைக்குத் தயாரிப்பாளர் அமைப்பு வைத்துக்கொண்டிருக்கும் பெராக்சைடு எண் எல்லை 5. பழைய புட்டியில் ஒன்றை வெட்டி மோந்து பாருங்கள். கடல் மீன் வாடை இயல்பு, பெயின்ட் போல நெடி அடித்தால் தூக்கிப்போடுங்கள்.

எண்ணெயை எதில் வைப்பது?

எவர்சில்வர் தூக்கு அல்லது கருநிறக் கண்ணாடி. செம்பு, பித்தளை வேண்டாம். உலோகத் துணுக்கு பட்டாலே வினை முடுக்கப்படும். அடுப்புக்குப் பக்கத்திலும் வெயில் விழும் ஜன்னலிலும் வைக்காதீர்கள். ஐந்து லிட்டர் டின்னைத் திறந்து மாதக்கணக்கில் ஓட்டுவதைவிட ஒரு லிட்டராக வாங்குவது மேல். அப்புறம், எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவாமல் மேலே மேலே ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அடியில் ஒட்டிய பழைய பிசின் ஒவ்வொரு முறையும் புது எண்ணெயோடு கலக்கும்.

கழிவு எண்ணெயைப் பெரிய கடைகள் சின்னக் கடைகளுக்கு விற்கலாமா?

கூடாது. இதைத் தடுக்கத்தான் 2018 ஆகஸ்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்க எண்ணெய் பயன்படுத்தும் நிறுவனங்கள், எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழித்தோம் என்று பதிவேடு வைத்து, அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடமே கொடுக்க வேண்டும். வீட்டில் மிஞ்சும் கால் லிட்டர், அரை லிட்டரைச் சாக்கடையில் ஊற்றினால் குழாயில் இறுகி அடைத்துக்கொள்ளும். ஆறவைத்து, பழைய செய்தித்தாளிலோ மரத்தூளிலோ ஊறவிட்டுக் குப்பையில் போடுங்கள். உங்கள் பகுதியில் சேகரிப்பாளர் வருகிறார் என்றால் ஒரு புட்டியில் சேர்த்து வைத்து அவரிடம் கொடுத்துவிடலாம்.